குடிக்கும் பிடி, குடிக்காத பிடி

எனக்கு இரண்டு கத்தி.
சூரை வெட்ட எருமைக்கொம்புப் பிடி,
சாளைக்கும் நெத்தோலிக்கும் பூவரசு.

மரம் குடிக்கும்.
ஆனி மழைக்குக் குளச்சல் துறையோடு சேர்ந்து
அதுவும் ஊதி நிற்கும்.
தைக்காற்றில் சுருங்கி ஆணி ஆடும்.
தேங்காயெண்ணெய் காறிப்போகும் என்று
பெயின்ட் கடைப் பையன் ஆளிவிதை எண்ணெய் தந்தான்.
இரவு ஒரு சொட்டு விட்டால்
விடியும்போது விட்ட இடம் தெரியாது.

கொம்பு அப்படியில்லை.
எண்ணெய் மேலேயே இருக்கும்,
கலியாண வீட்டுக்கு வந்து
கை நனைக்காமல் உட்கார்ந்திருப்பவளைப் போல.
துணி சூடாகும்வரை தேய்க்கணும்.
வெந்நீர் மட்டும் ஆகவே ஆகாது.

ஈஸ்டருக்கு வந்த நாத்தனார் டெல்பின்
உதவி செய்கிறேன் என்று
கொதிக்கிற சருவத்தில் போட்டுவிட்டாள்.
ஆணியோரம் மயிரிழையாய் ஒரு வெடிப்பு.
உப்புத்தாளால் உரசினேன்,
நகம் கருகும் வாசனை.
என் நகத்தை ஒருமுறை முகர்ந்துகொண்டேன்.

போன மாதம் ரேஷன் கடையில்
தாணுலிங்கம் என் பெருவிரலைத்
துடைத்துத் துடைத்து மூன்றுமுறை வைத்தார்.
மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை.
"ரேகையே இல்லையேம்மா" என்றார்,
வரும் வழியில் நான் எங்கோ போட்டுவிட்டதுபோல.

வந்து கத்தியை எடுத்து வெயிலில் பார்த்தேன்.
கொம்பில் பெருவிரல் படியும் குழி
கண்ணாடியாய் மின்னியது.
அங்கேயும் ரேகை இல்லை.

கிண்ணத்தில் எண்ணெய் மிச்சம்.
உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டேன்.
குடிக்கிறதா, மேலேயே நிற்கிறதா
பார்க்க நேரமில்லை,
ஐந்தரைக்கு வள்ளம் அடையும்.