பதினான்கு கப்பல்கள்

சாப்பாட்டு மேசைமேல்தான் மூழ்கடிக்கிறாள் நோல்ஃபா
தன் கப்பல்களை.
இருபத்தெட்டாயிரம் டன், பனாமா கொடி,
வயிறு நிறையச் சோயா.
அவளே வைத்த பெயர், அவளே ஏற்றிய சரக்கு.

புன்தா அரேனாஸில் நான் ரொட்டி சுடுகிறவன்.
கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது உப்பு மட்டும்.
ஆனாலும் திருத்துவது நான்.
கேக் பொதியும் மெல்லிய தாளில் ஒன்றைக் கிழித்துக் கொடுத்துவிட்டு
கடிகாரத்தைப் பார்த்தபடி உட்காருவேன்.
இரண்டு மணி நேரத்தில் அவள்
மகெல்லன் நீரிணை முழுவதையும்
தலையிலிருந்து இறக்கிவைக்கவேண்டும்:
கரை, ஆழம், மிதவை,
எந்த விளக்கு எத்தனை நொடிக்கொருமுறை
கண்சிமிட்டும் என்பதுவரை.
அந்நியக் கப்பலில் ஏறி வழி சொல்லும் உத்தியோகத்துக்கு
அப்படித்தான் தேர்வாம்.

பிறகு அச்சிட்ட வரைபடத்தைப் பக்கத்தில் விரித்து
விட்டுப்போனதை, இடம் மாறியதை
சிவப்புப் பென்சிலால் சுழிப்பேன்.
என் விரலில் ஒட்டிய மாவு
அவள் கடலில் கொஞ்சம் பனி பெய்யும்.

முதல் மாதிரித் தேர்வில் பதினொரு சுழி.
"ஒரு தீவையே காணோமே" என்றேன்.
"அது சின்னத் தீவு" என்றாள்.
அன்று அதற்குமேல் பேச்சில்லை.
கணப்பில் விறகு போட்ட சத்தத்தில்
முழு வாக்கியங்கள் இருந்தன.

மூன்றாவதில் ஒன்பது. ஐந்தாவதில் ஆறு.
ஏழாவதில் மறுபடி பத்து.
அந்த வாரம் காற்று கூரைத் தகரத்தைப் பிய்த்தது,
பையனுக்குக் காய்ச்சல்.
தாளைக் கசக்கி அடுப்பில் போடப் போனாள்.
வாங்கி, நீவி, ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
பெரிய காரணமெல்லாம் இல்லை.
கடைக் காசில் வாங்கிய தாள்.

துறைமுகத்தில் எஸ்கோபெடோ சொன்னானாம்:
தப்பைத் திரும்பிப் பார்க்காதே,
பார்த்தால் அதுதான் மனதில் படியும்.
அவன் முதல் தடவையே தேறியவன்.
தேறியவர்கள் எல்லோரிடமும் ஏதாவது ஒரு வாக்கியம் இருக்கிறது.

பதினான்காவது மாலை, நாலே சுழி.
நான் ஒயின் புட்டியைத் தேடினேன்.
அவள் டப்பாவுக்கு அடியிலிருந்த தாள்களை உருவி
ஒன்றின்மேல் ஒன்றாக, கரையோடு கரை பொருத்தி
சமையலறைச் சன்னல் கண்ணாடியில்
இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.
ஜனவரி. எட்டு மணிக்கும் நல்ல வெயில்.

சுழிகள் மூலைக்கொன்றாய்க்
கொட்டிய கடுகு மாதிரி.
ஓரிடத்தில் மட்டும்,
இரண்டாம் குறுக்கம் தாண்டித் திரும்புகிற இடத்தில்,
சிவப்பின்மேல் சிவப்பு ஏறிக்
கறுத்துக் கிடந்தது.

ஒருமுறை மிதவை. ஒருமுறை ஆழம்.
ஒருமுறை விளக்கின் நிறம்.
தனித்தனித் தாளில் அவற்றைத்
தனித்தனித் துரதிர்ஷ்டம் என்றே திருத்தியிருந்தேன்.
எண்ணிப் பார்த்தோம்:
பதினான்கில் பன்னிரண்டு கப்பல்கள்
அங்கேதான் தரைதட்டியிருந்தன.

அவள் கை இறங்கவில்லை.
"அங்கே கரையில் ஒரு பழைய ஆட்டுப்பண்ணை இருக்கு" என்றாள்,
என்னிடம் இல்லை, கண்ணாடியிடம்.
"சிவப்புக் கூரை. யாரும் இல்லை. ஆனால் அழகு.
பத்து வருஷம் படகில் போய்வந்தேனே,
ஒவ்வொரு தடவையும்
தண்ணீரைப் பார்க்கவேண்டிய நேரத்தில்
அதைத்தான் பார்த்திருக்கிறேன்."

கூரைக்கு வரைபடத்தில் குறியீடு கிடையாது.

புதுத் தாள் கேட்டாள்.
எப்போதும் கிழக்கு முகத்திலிருந்து தொடங்குகிறவள்
அன்று நடுவிலிருந்து, அந்தக் கறுத்த இடத்திலிருந்து
தொடங்கினாள்.
முதலில் பாறை. அப்புறம் மிதவை.
அப்புறம், நகத்தளவு, ஒரு கூரை.

அச்சில் இல்லாதது. விதிப்படி சுழிக்கவேண்டும்.
சுழித்தேன்.
சிரித்தாள்; கணக்கில் சேர்த்துக்கொள் என்றாள்.

பதினைந்தாவது கப்பல்
கூரையைத் தாண்டிப் பத்திரமாகப் போயிற்று.
மேற்கே, இதுவரை ஒரு சுழிகூட விழாத இடத்தில்
தட்டி நின்றது.

"புது இடம்" என்றாள்,
கிட்டத்தட்டச் சந்தோஷமாக.
விடிகாலை மூணு மணிக்கு எனக்கு அடுப்பு இருக்கிறது.
பென்சிலைச் சீவி வைத்துவிட்டுப் படுத்தேன்.