அடிக்குக் கால் அங்குலம்

டுலூத்தில் ஏப்ரலிலும் பனி விடவில்லை.
குளியலறைத் தரையைப் பெயர்த்துப் போட்டு
டார்ச்சோடு குப்புறப் படுத்திருந்தாள்
பிளம்பர் ரோவீனா.

"நல்ல தண்ணீர் சொன்ன பேச்சு கேட்கும்,
எங்கே வளைத்தாலும் வரும்.
கழிவுதான் பிடிவாதம்.
அடிக்குக் கால் அங்குலம் சரிவு கொடுத்தால்தான்
நகரும்."

கமோடு ஜன்னலோரம் போக வேண்டும்.
இர்மாவின் சக்கர நாற்காலி திரும்ப
ஐந்தடி வட்டம்.
குறுக்கே உத்தரம்;
குடைந்தால் வீடு தொய்யும்.

மிச்சமிருந்தது
குளியல் தொட்டியின் இடம்.
முப்பது வருடம் முறைவைத்து ஊறிய தொட்டி.
வெய்க்கோ ஒன்றும் சொல்லவில்லை,
ஒரு முனையைத் தூக்கினார்.
இப்போது அது வாசலில்,
பாதி பனி நிரம்பி.

சாக்பீஸால் ரோவீனா வட்டம் போட்டதும்
கதவருகிலிருந்து இர்மா கேட்டாள்:
"என்னைத் தூக்க
இவர் எங்கே நிற்பார்?"

பூட்ஸால் கோட்டை அழித்துவிட்டு
மறுபடி டேப்பை இழுத்தாள்
ரோவீனா.