ஊசிப் பதிவேடு

மசேருவில் ஜூன் என்றால் உறைபனி.
கம்பளி போர்த்தி வருகிறவர்கள்
கதவருகே அதை மாட்டிவிட்டு
ஜீன்ஸ் குவியல்முன் உட்காருகிறார்கள்.

என் வேலை தைப்பதல்ல.
உடைந்த ஊசியைக் கொண்டு வா,
புது ஊசியைக் கொண்டு போ:
அவ்வளவுதான் என் மேசை.
துண்டுகளைப் பொருத்தி, முழுசா என்று பார்த்து
தாளில் வைத்து நாடா ஒட்டுவேன்.
தேதி, நேரம், லைன், பெயர், கிடைத்த இடம்.
பதினொரு வருடப் பதிவேடுகள் அலமாரியில்,
செத்த பூச்சிகளைச் சேர்த்து வைத்தவன் வீடு மாதிரி.

மாலியில் பறித்த பஞ்சு,
கராச்சியில் நெய்த துணி,
துருக்கியிலிருந்து பித்தான்.
எங்கள் பங்கு துளைகள்.

மூன்று பத்துக்கு லைன் பதினான்கு நின்றது.
லிக்கெலெலி, பின்பாக்கெட்.
மூன்றாய் உடைந்த ஊசியில்
கொண்டுவந்தது இரண்டு.
காணாமல் போனது நுனி.

மிஷின் ஊசிக்குக் காதும் நுனியில்தான்.
குத்துகிற இடத்திலேயே கேட்கவும் வேண்டும்.

கிடைக்காமல் லைன் ஓடாது.
எங்கோ ஓர் ஊரில் ஒரு குழந்தை
காலை நுழைக்கையில் தைத்துவிடக் கூடாது.
நல்ல விதி. நானே எத்தனையோ முறை
புதியவர்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன்.

முப்பத்தெட்டுப் பேர் மண்டியிட்டார்கள்.
ரமைலி காந்தக் கட்டையை இழுத்துக்கொண்டு போனார்.
ஒட்டி வந்தவை: ஒரு ஹேர்பின், கம்பிச் சுருள்,
யாருடையதென்று யாரும் கேட்காத
பத்து லிசென்ட் காசு.
நின்ற நிமிடங்களை இரவில் உட்கார்ந்து
கூலியில்லாமல் அடைக்க வேண்டும்.
"கடைசி டாக்ஸி போய்விடும்" என்றாள் ஒருத்தி,
தரையைப் பார்த்தபடியே.

லிக்கெலெலி மட்டும் ஒற்றைக் கையால் தேடினாள்.

கழிவறைக்குப் போகிறவள்போல் என்னிடம் வந்தாள்.
சுட்டுவிரலில் நீலக் கிழிசல் சுற்றியிருந்தது.
கிளினிக் சீட்டு வாங்கினால் அரை நாள் போகும்,
அரை நாள் போனால் மாத வருகைப்படி போகும்.
அவள் சொல்லவில்லை. படியைக் கணக்கெழுதுவதும் நான்தான்.

ட்வீஸரை ஸ்பிரிட்டில் முக்கினேன்.
நகத்தடியிலிருந்து வந்தது,
ஓர் எறும்பின் நீளம்.
காது உடையவில்லை.
நூல்கூட இன்னும் கோத்தபடி.

"ஒட்டு" என்றாள். "லைன் ஓடட்டும்."

கிடைத்த இடம் என்ற கட்டத்தில்
எழுத அனுமதித்த சொற்கள் மூன்று:
மிஷின். தரை. துணி.
துணி என்று எழுதினேன்.

செப்டம்பரில் வாங்குபவரின் ஆள் வந்தார்.
பக்கங்களைப் புரட்டினார்.
அந்த நாடாவின் கீழே பழுப்பாய்ப் பரவியிருந்ததை
விரலால் தேய்த்துப் பார்த்து
"துரு" என்றார்.
ஊசிகளை ஈரமில்லாத இடத்தில் வைக்கச் சொல்லிக்
கையெழுத்திட்டார்.

அன்றிலிருந்து அலமாரியில்
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் வைக்கிறேன்.
மாதம் நான்கு.
அதற்கும் ஒரு பதிவேடு இருக்கிறது.