குறிப்பு: சரி

முதுநகர் ஐஸ் பேக்டரியில்
கரண்ட் போனது பத்தே முக்காலுக்கு.
ஜெனரேட்டர் கால் மணி நேரம் ஓடிப் பார்த்துவிட்டு
முள்ளைச் சிவப்புக்குத் தூக்கியது.
நிறுத்தினேன்.

மேல் ஹோஸ் கொதிக்கிறது,
கீழ் ஹோஸ் உப்பனாற்றுச் சேறாகச் சில்லென்று.
நடுவில் எங்கோ ஒரு குடம் காற்று
வாடகை தராமல் குடியிருக்கிறது.
சாயங்காலம் தண்ணீர் ஊற்றியவன் நான்தான்,
யாரைத் திட்ட?

போனில் முதலாளி கலியவரதன்.
"ஆச்சா?"
"ஆறணும் சார்."
"யாரு?"
"ரேடியேட்டர்."

காற்றைத் திறந்துவிட ஒரு சின்ன வால்வு உண்டு,
உச்சியில், கடுக்கன் அளவு.
கடல் காற்றில் பச்சை பூத்து
உட்கார்ந்த இடத்திலேயே இறுகிப்போன பித்தளை.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பார்த்தேன்.
திருப்புளி உட்காரும் வெட்டே இல்லை.
அங்கே ஒரு குழி,
சோழி முதுகின் வழவழப்பில்.

சுற்றிலும் கீறல்கள்.
இது வழுக்கியது. இது கட்டிங் பிளேயர் கடித்தது.
இது அளவு தெரியாதவன்.
இது அளவு தெரிந்தும் கோபம் வந்தவன்.
எத்தனை பேரின் அவசரம்
இந்தப் பொட்டுப் பித்தளையில்.

டீசல் விட்டேன். காத்திருந்தேன்.
சுத்தியலால் மெல்லத் தட்டினேன்,
கைக்குழந்தை தூங்கும் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல.
துணி சுற்றித் திருகினேன்.
கை சறுக்கி
கட்டைவிரல் மூட்டில் தோல் போனது.

"ஆச்சா?"
இந்த முறை பதில் சொல்லவில்லை.

நாலு மணிக்கு போட் வந்துவிடும்.
தொட்டியில் முந்நூறு கேன்,
பாதி கட்டி, பாதி குளம்.
ஹேக்சா பிளேடை ஒடித்தேன்.
பழைய காயத்துக்குக் குறுக்கே
புதுக் காயம் ஒன்று அறுத்தேன்,
அரிசி நீளத்துக்கு.
அதில் திருப்புளியை நிறுத்தி
முதலில் வலப்பக்கம், மூடுவதுபோல, ஒரு மயிரிழை.
ஏமாற்றித்தான் திறக்க வேண்டும்.
பிறகு இடப்பக்கம்.

கிர்ர் என்றது.
பிறகு உஸ்.
நீளமான உஸ், நடுவில் இருமல்,
துருத் தண்ணீரை முகத்தில் துப்பிவிட்டு
மறுபடி உஸ்,
கடைசியில் ஒரே பேச்சாகத் தண்ணீர்.
மூடினேன்.
முழுக்க மூடவில்லை, மரை தேய்ந்துவிட்டது.
பத்து விநாடிக்கு ஒரு சொட்டு.
இருக்கட்டும்.

பன்னிரண்டு ஐம்பதுக்கு
ஓடுகிற எஞ்சினில் முள் பச்சையில் நின்றது.

லாக் புக்கில் நேரம், டீசல், சூடு எழுதி
'குறிப்பு' கட்டத்துக்கு வந்தேன்.
சுண்டுவிரல் அகலம்தான் அந்தக் கட்டம்.
பின்னோக்கிப் புரட்டினேன்.
எனக்கு முன்னே மஞ்சினி,
அவனுக்கு முன்னே யாரோ தேசிங்கு.
சரி. சரி. சரி.
ஓர் ஆடி மாதத்தில் மட்டும்
'வால்வு' என்று தொடங்கி, அடித்துவிட்டு, சரி.

நானும் அதையே எழுதினேன்.
பேனாவை மூடும்போது
அடுத்த சொட்டு கண்ணில் பட்டது.
திறந்து,
கட்டத்தின் கோட்டைத் தாண்டி எழுதினேன்:
வால்வு ஒன்று. பித்தளை. கால் அங்குலம்.
இன்னும் இடமிருந்தது.
விலையையும் எழுதினேன்.