தொப்பிப் பக்கம்

முழு ரொட்டி ஒன்றை நிமிர்த்தி வைத்த உயரம்
ஒவ்வொரு பெட்டியும்.
கிரே தெரு அடகுக்கடைக்காரன் சொன்னான்:
"உருவம் சின்னதுதான், வயிறு உண்டு."

வயிறு எங்கே?
மிருதங்கம் போட்டால்
வலந்தலை மட்டும் வந்து நிற்கிறது,
சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு.
தொப்பி வரவே இல்லை.
ஒற்றைக் கைக்காரன் ஒருவன்
என் கூடத்தில் தனியாவர்த்தனம் செய்கிறான்.

சுவரை விட்டு இரண்டு சாண் நகர்த்தினேன்.
இன்னும் மெலிந்தது.
சுவரோடு ஒட்டினேன்.
அது பொதுச்சுவர், அந்தப் பக்கம் மூட்லி வீடு.
மூட்லி முஷ்டியால் இரண்டு குத்துக் குத்தினார்;
அதில் இருந்தது நல்ல பேஸ்.
மூலைக்குத் தள்ளினால்
தவலைக்குள் யாரோ கொட்டாவி விடுகிறார்கள்.
பின்பக்கத் துளையில் பையனின் காலுறையைத் திணித்தேன்.
திங்கட்கிழமை அவன் ஒற்றைக் காலுறையோடு
வீடெல்லாம் தேடினான். நானும் சேர்ந்து தேடினேன்.

கடைசியாக ஒரு வைத்தியம், வேலையிடத்தில் யாரோ சொன்னது:
நீ உட்காரும் இடத்தில் பெட்டியை வை.
அப்புறம் நீ தவழ்.
எங்கே நன்றாகக் கேட்கிறதோ
அங்கேதான் பெட்டி இருக்க வேண்டும்.

ஐம்பத்தொரு வயதில், இரவு எட்டரைக்கு,
சாட்ஸ்வொர்த் யூனிட் ஏழில்
முட்டி தேயத் தவழ்ந்தேன்.
டி.வி.க்குக் கீழே ஒன்றுமில்லை.
கதவோரம் ஏதோ இருமியது.
மேசைக்கடியில் இருபது சென்ட் கிடைத்தது.
அடுக்களை நிலைப்படியில் கை வைத்தேன்,
வந்தது.
ஈர ரவை அப்பிய தோலின் கும்,
அவசரமே இல்லாமல்,
தரை வழியாக உள்ளங்கைக்கு.

எதிரே சாக்ரியின் குதிகால்.
தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.
"எட்டு மாசமா இங்கேதான் முட்டுது," என்றாள் திரும்பாமல்.
"டம்ளரெல்லாம் பேசுது.
நீங்கதான் இல்லை இல்லைங்கிறீங்க."

விதிப்படி பெட்டியை
கழுவுதொட்டியில் வைக்க வேண்டும்,
குழம்புச் சட்டிக்கும் சோப்புக்கும் நடுவே.
சொன்னேன். "வைங்க," என்றாள்,
"முதல்ல இதைத் துடைங்க."

ஒன்பதுக்கு மின்வெட்டு.
மிருதங்கம் நின்றது, எங்கள் பிரிட்ஜ் நின்றது,
ஒரு நொடி கழித்து மூட்லியின் பிரிட்ஜ்.
இத்தனை நாள்
இவ்வளவு முனகலின் மேலா உட்கார்ந்து
கேட்டுக்கொண்டிருந்தேன்?

இருட்டில் ஒரு ஈரத் தட்டு என் நெஞ்சில் இடித்தது.
வாங்கித் துடைத்தேன்.
இங்கே ஒரு நாற்காலி போடலாம்.
இடம் போதாது,
சாணால் அளந்துவிட்டேன்,
குளிர்ந்த சுவரைத் தடவித் தடவி,
இரண்டு தரம்.