கரை

அனுமதி அட்டைப் படத்தில் என் கண் மூடியிருக்கிறது.
மூன்று நாளும் அந்த முகத்தைத்தான்
கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

மரினா பே, மாநாட்டுக் கூடம், நான்காம் தளம்.
பூமி சூடாகிறது என்று பேச வந்தவர்கள்
எல்லாரும் குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள்.
ஃபர்ஹானா துடோங்குக்கு மேல் ஒரு சால்வையும் சுற்றினாள்.
ஜுன் காய் பொறியியல் மாணவன், சும்மா இருக்கமாட்டான்,
இந்தக் குளிரை ஒரு மணிநேரம் நிறுத்தினால்
தெம்பனிசில் எத்தனை மின்விசிறி சுற்றும் என்று
கைத்துடைக்கும் தாளில் கணக்குப் போட்டான்.
விடை வந்தது. தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.
நாங்கள் பார்வையாளர்கள். நீலப் பட்டை.
நீலப் பட்டைக்குக் காப்பி உண்டு,
ஒலிவாங்கி கிடையாது.

இரண்டாம் நாள் முழுக்க ஒரே ஒரு வினைச்சொல்.
'வேண்டும்' என்று போடுவதா
'முயலலாம்' என்று போடுவதா.
இரண்டையும் சதுர அடைப்புக்குறிக்குள் வைத்து
திரையில் பெரிதாகக் காட்டினார்கள்.
ஒரு நாடு எழுந்தது. ஒரு நாடு உட்கார்ந்தது.
கோழிச்சோறு வந்தது, பாதி திரும்பிப் போனது.
வினைச்சொல் கடைசியில் வரும் மொழி என்னுடையது,
காத்திருந்து பழக்கம்தான்.
ஆனாலும் ஒரு வாக்கியம்
இவ்வளவு நேரம் வாயைத் திறந்தபடி நின்று
நான் பார்த்ததில்லை.

இளையோருக்கென்று ஒதுக்கியது தொண்ணூறு விநாடி.
கிரிபாஸ் தீவிலிருந்து நான்கு விமானம் மாறி வந்த
தெரேத்தியா எழுந்தாள்.
வீட்டுக்குப் பின்னால் பபாய்க் கிழங்கு போடும் குழி,
அதில் உப்பு ஏறிவிட்டது,
வேறு குழி தோண்டினோம், அதிலும் ஏறிவிட்டது,
அவ்வளவுதான் என்றாள்.
மிச்சமிருந்த ஐம்பத்தொரு விநாடிக்காகத்
தலைவர் அவளுக்கு நன்றி சொன்னார்.

அன்று மாலை அவளை ரயிலேற்றி
ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு அழைத்துப் போனோம்.
கரும்புச்சாறு, சாத்தே, வரிசையாய்க் கப்பல்கள்.
செருப்பைக் கழற்றி மணலை மிதித்துப் பார்த்தவள்
இது யார் மண் என்று கேட்டாள்.
எங்களுக்குப் புரியவில்லை.
பிறகு ஃபர்ஹானாதான் சொன்னாள்:
நாம் நிற்கிற இடம் முன்பு கடல்,
அதோ அந்த அடுக்குமாடிகளின் காலடியும் கடல்,
மண் வாங்கி நிரப்பினோம்.
எங்கிருந்து?
யாரோ விற்றார்கள் என்றேன் நான், சாறை உறிஞ்சிக்கொண்டே.
"அப்போது இங்கிருந்து துரத்திவிட்ட கடல்தான்
எங்கள் ஊருக்கு வந்திருக்கிறதா?"
விளையாட்டாகத்தான் கேட்டாள்.
ஜுன் காய் அதை நிஜமென்று நம்பி
கொள்ளளவு, பரப்பளவு என்று தொடங்கிவிட்டான்.
அவள் சிரித்த சிரிப்பில் கரும்புச்சாறு மூக்கில் ஏறிக்
கண்ணெல்லாம் தண்ணீர்.

தண்ணீர் முடிகிற இடத்தைக் காட்டி
உன் மொழியில் இதற்கு என்ன பெயர் என்றாள்.
கரை என்றேன்.
சொல்லிப் பார்த்தாள். கறை என்று வந்தது.
அலை விட்டுப்போன கோட்டில்
நெகிழி மூடி, உறிஞ்சுகுழல், எண்ணெய்ப் பிசுக்கு.
நான் திருத்தவில்லை.
அந்தச் சொல்லையே ஏவலாகச் சொன்னால்
கரைந்து போ என்று ஆகும்;
அதையும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பின்னிரவில் அடைப்புக்குறி திறந்தது.
'முயலலாம்' வெளியே வந்தது.
கூடமே எழுந்து கைதட்டியது.
என் கைகளும் தட்டின, அது தனிக் கதை.
தெரேத்தியா தட்டவில்லை,
பெட்டியின் பூட்டு சிக்கிக்கொண்டு
அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.
உதவப் போனேன். எனக்கும் திறக்கவில்லை.

விடிந்தபோது வீட்டில் இருந்தேன்.
அனுமதி அட்டை கதவுக் கொக்கியில் ஆடியது.
துணி காயப்போடும் கம்பில் ஒரு காக்கை உட்கார்ந்து
விடாமல் கரைந்தது.
விருந்தாளி வரப்போகிறார்கள் என்றாள் அம்மா
தேநீரை ஆற்றியபடி.
எங்களுடையது மூன்றறை வீவக வீடு.
சோபாவைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு
ஒரு மெத்தை விரிக்க இடம் வருமா என்று
காலடி வைத்து அளந்து பார்த்தேன்.