உவன்

வெள்ளிக்கிழமை, கடைசிப் படகு போன பின்
ஹெல்வேயின் கைப்பேசி ஒருமுறை அதிரும்.
விர்ட்சு துறைமுகத்து டிக்கெட் கவுன்ட்டரில்
அவளும் ஹீட்டரும்
யாரோ விட்டுப்போன ஒற்றைக் கையுறையும்.

ரைவோதான் அனுப்பியிருப்பான்.
வணக்கம் இருக்காது. நலமா இருக்காது.
வெறும் சுட்டிகள்,
ஒரு வாரம் நான்கு, ஒரு வாரம் பதினேழு,
நீல நிறத்தில், அடிக்கோட்டோடு.

விவாகரத்தாகி நான்கு வருடம்.
பேச இனி ஒன்றுமில்லை என்று
இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகும்
காட்ட நிறைய மிச்சமிருந்தது அவனிடம்.

ஆக்டோபஸுக்கு மூன்று இதயமாம்.
வாம்பேட் போடும் புழுக்கை கனசதுரமாம்.
கெட்டித் தார் ஒரு சொட்டு விழப் பத்து வருடம் பிடிக்குமாம்,
அதன் எதிரே கண் கொட்டாத ஒரு கேமரா.
அரை மணி நேரம் பார்த்தாள். விழவில்லை.
சாவி தொலைந்த பூட்டைத் திறப்பது எப்படி,
இருபது நிமிடக் காணொளி.
அதை மட்டும் இரண்டு தடவை பார்த்தாள்,
ஏதோ சாடையாய்ச் சொல்கிறானோ என்று.
இல்லை. ரைவோவுக்குச் சாடை வராது.
பூட்டென்றால் பூட்டு.

நம்மிடம் சுட்டெழுத்து மூன்று.
அ தூரத்துக்கு. இ பக்கத்துக்கு.
உ இரண்டுக்கும் நடுவே நிற்பதற்கு.
வழக்கொழிந்தது என்று வாத்தியார் தாண்டிப்போவார்,
யாழ்ப்பாணத்தார் ஒப்பமாட்டார்கள்.
எஸ்தோனிய மொழியில் எப்படியோ, எனக்குத் தெரியாது.
ரைவோவைச் சொல்ல எனக்கு வாயில் வருவது உவன்.
அவன் என்று தள்ளவும் முடியாமல்
இவன் என்று இழுக்கவும் முடியாமல்
ஏழு கிலோமீட்டர் கடலுக்கு எதிரே
முஹு தீவில் உவன்.

மார்ச் கடைசி வெள்ளி.
வெளியே உறைந்த கடல் எலும்பு முறிப்பதுபோல் சொடுக்கியது.
பதினோரு சுட்டி. மூன்றாவது திறக்கவில்லை.
பக்கம் காணப்படவில்லை.
மறுபடி தட்டினாள்.
ஆபீஸ் கணினியில் தட்டினாள். வைஃபையைத் திட்டினாள்.
மற்ற பத்தும் தொடப்படாமல் கிடந்தன.
ஒன்றே முக்காலுக்கு எழுதினாள்,
நான்கு வருடத்தில் முதல் வாக்கியம்:
மூன்றாவது திறக்கவில்லை.

உடனே வந்தது:
எனக்கும்தான். போன வாரமே செத்துப்போச்சு.

பிறகு ஏன் அனுப்பினாய்?

உனக்குப் பிடித்திருக்கும்.

என்ன இருந்தது அதில்?

மூன்று புள்ளிகள் எழும்பின, அடங்கின, எழும்பின.
சாடை தெரியாத ஒருவன் அங்கே
வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தான்.
ஒரு பெரியவர். பெயர் மறந்துவிட்டது.
வீட்டு ஃபிரிட்ஜ் உறுமுவதைத்
தினம் ஒரு நிமிடம் பதிவுசெய்து போடுவார். ஒன்பது வருடம்.
ஒருநாள் நின்றுவிட்டது. ஃபிரிட்ஜா, அவரா, தெரியாது.
கடைசிப் பதிவில் பின்னால் யாரோ தும்முவார்கள்.
அந்தத் தும்மலுக்காகத்தான்.

ஹெல்வே ஆளில்லாத கூடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டு
கையுறையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.
பதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.
ஏழாவது சுட்டியைத் திறந்தாள்.

உட்ரெக்ட் நகரக் கால்வாய், நீருக்கடியில் கேமரா.
மதகு மூடியிருக்க, மேலே போக மீன்கள் வந்து நிற்கும்.
பார்ப்பவர் எந்த நாட்டிலிருந்தும் மணியடிக்கலாம்,
படம் மதகுக்காரருக்குப் போய்ச் சேரும்.

பச்சை இருட்டு.
மிதக்கும் தூசி.
நெடுநேரம் கழித்து ஒரு மீன், என்ன மீனோ,
வந்து மூக்கை நீட்டியது.
அழுத்தினாள்.
முஹுவிலும் ஒரு விரல் அழுத்தியிருக்கலாம்.

இந்நேரத்துக்கு மதகுக்காரர் தூங்கிக்கொண்டிருப்பார்,
விடியாமல் ஒருவரும் திறக்க வரமாட்டார்கள்.
அவளுக்குத் தெரியும்.
மீனுக்குத் தெரியாது.
நின்றது.